அரைக்கிலோ எவாசியோவின் இருக்கை

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பாட்டுக்கடை நடத்துகிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? இத்தாலியில், தூரின் நகரத்தில், சான் பாவ்லோ பேட்டையில், பட்டறைகளுக்கு நடுவே என் கடை. எண்ணெய்க் கையோடு உட்காருகிறவனை அதட்டுவேன். மிச்சம் வைக்கிறவனை அதைவிட அதிகம் அதட்டுவேன். என்னிடம் எல்லோரையும்விட அதிகமாக அதட்டு வாங்கியவன் எவாசியோ ப்ருனாசோ. ஒன்பது வருஷம் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து என் சமையலை அவமானப்படுத்தியவன். தெருவில் அவனுக்குப் பெயர் அரைக்கிலோ.

பிறவியிலேயே சின்ன உடம்பு. என் தோள்வரைதான் வருவான். நானும் ஒன்றும் கொடிமரம் இல்லை. அந்தச் சின்ன உடம்பை இன்னும் சின்னதாக்கப் பாடுபட்டான். ஒரு கிண்ணம் சூப், இரண்டு குச்சி ரொட்டி, முடிந்தது சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்து அஞோலோத்தி செய்வேன். பூசை முடிந்து வருகிற கூட்டம் அதற்காகவே வாசலில் நிற்கும். இவனோ ஆறேழு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவான்.

"என்னடா, கடவுள் உனக்கு வயிறு வைக்கவே மறந்துட்டாரா?" என்பேன்.

"வச்சாரு மதாமா. எடை அதிகம்னு நான்தான் கழட்டி வச்சுட்டேன்" என்பான். கடையே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்ச்சாரியில் இருந்த ஜெர்வாசோவின் பட்டறை. அங்கே குட்டிப் பந்தயக் கார்கள் செய்தார்கள். இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரக்கூடிய, கூரை போட்ட கூப்பே கார்கள். உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போகிறவன் வைத்திருக்கும் சாதாரண ஃபியட் காரின் எஞ்சினை வாங்கி, குடைந்து, தேய்த்து, குளவி மாதிரி கத்த வைத்து, அதன் மேல் அலுமினியத் தகட்டைத் தட்டிப் போர்த்திவிடுவார்கள். எஞ்சின் வெறும் எழுநூற்றைம்பது சி.சி. பந்தயத்தில் அந்த அளவுக்குத் தனி வகுப்பு உண்டு. அதில் எல்லா எஞ்சினுக்கும் பலம் ஒன்றுதான். கார் லேசானவன் ஜெயிப்பான்.

அதனால் பட்டறையில் ஒரு வழக்கம். காரிலிருந்து வெட்டியது, துளைத்தது, கழற்றியது எல்லாம் அவரவர் பெயர் போட்ட தகர டப்பாவில் விழவேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, நான் பாலாடைக்கட்டி நிறுக்கும் தராசில் வைப்பார்கள். யாருடைய டப்பா கனமோ அவனுக்கு மற்றவர்கள் ஒயின் வாங்கித் தரவேண்டும். எப்போதும் ஜெயிப்பது எவாசியோதான். பெடலில் துளை போடுவான், கைப்பிடியில் போடுவான், ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடுவான். ஒரு தடவை என் குழம்புக் கரண்டியைக் கொண்டுபோய்த் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதை இன்றைக்கும் ஜல்லிக் கரண்டியாக வைத்திருக்கிறேன். ஜெயித்த ஒயினையும் குடிக்கமாட்டான். டிங்கர் தெபால்தோ பக்கம் நகர்த்திவிடுவான். தெபால்தோ தகடு தட்டித் தட்டியே பாதிச் செவிடான ஆள். வாய் மட்டும் ஊர்கோலம் போகும்.

எவாசியோ பட்டறையில் சேர்ந்த வருஷமே முதலாளி ஜெர்வாசோ அவன் முதுகைத் தட்டிச் சொன்னார்: "லேசான காருக்கு லேசான ஆளு வேணும்டா. ஒருநாள் நம்ம பட்டறை பேருல நீதான் பந்தயம் ஓட்டப் போற." அன்றிலிருந்துதான் இந்தப் பட்டினி. பட்டறையில் முடிகிற ஒவ்வொரு காரையும் முதலில் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பவன் அவன்தான். எங்கே அதிர்கிறது, எங்கே இழுக்கிறது என்று சொல்லிச் சரிசெய்வான். பிறகு பணம் கொடுத்தவன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். முதலாளி, "அடுத்த கார் உனக்குடா" என்பார். இவன் தலையாட்டுவான். ஒவ்வொரு ஜனவரியும் பந்தய லைசென்ஸை மட்டும் புதுப்பித்துக்கொள்வான். ஒரு பந்தயமும் ஓடாத லைசென்ஸ். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பந்தயம், தன் பெயரில். அவன் இந்த உலகத்தில் கேட்டது அவ்வளவுதான்.

அவன் மனைவி இர்மா சாக்லெட் ஆலையில் வேலை பார்த்தாள். உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். அவன் தொடமாட்டான் என்று தெரிந்தும் கொண்டுவருவாள். கடைசியில் அது என் கல்லாப்பெட்டி மேல் வந்து சேரும்.

"ராத்திரி அவன் வயிறு கத்துது மதாமா. பக்கத்துல படுத்திருக்கற எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அவன் தூங்கறான். பழகிடுச்சு" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அந்த நிமிஷம் ஜெர்வாசோவின் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் குளிர்காலத்தில் ஜெர்வாசோ என் கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். இந்தத் தடவை செய்யப்போகும் கார் விற்பனைக்கு இல்லை, பட்டறையின் பெயரிலேயே ஜூன் மாதம் ரோக்காலுங்கா மலையேற்றப் பந்தயத்தில் ஓடும், ஓட்டப்போவது எவாசியோ என்றார். அரைக்கிலோ எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தெபால்தோ, "உக்காருடா, நின்னாலும் உக்காந்தாலும் உனக்கு ஒரே உயரம்தான்" என்றான்.

தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பதுபோல அந்தக் காருக்கு அவனை வைத்து அளவெடுத்தார்கள். மரப்பெட்டியில் உட்காரவைத்து, தலைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுத் தகட்டை வளைத்தான் தெபால்தோ. நான் காப்பி கொண்டுபோனபோது ஒருநாள் இருக்கைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இருக்கையை முன்னே பின்னே நகர்த்த அடியில் இரண்டு இரும்புத் தண்டவாளம் இருக்கும் அல்லவா? எவாசியோ அதைக் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எதுக்கு? இதுல உக்காரப் போறது நான். நான் இனிமே வளரவா போறேன்?"

"நாளைக்கு உன் பொண்டாட்டி ஓட்டணும்னு கேட்டா?" என்றான் தெபால்தோ.

"அவ என்னைவிட உயரம். நடந்தே வரட்டும்!"

இருக்கையைத் தன் காலுக்குச் சரியான இடத்தில் வைத்து, தரைத் தகட்டோடு நகராதபடி ரிவெட் ஆணி அடித்துவிட்டான். தண்டவாளம் இரண்டும் டப்பாவில் விழுந்தன. அந்தச் சனிக்கிழமை அவன் டப்பா இறங்கிய வேகத்தில் என் தராசுத் தட்டு மேஜையில் இடித்தது. அன்றைக்கு மட்டும் ஒரு வாய் ஒயின் குடித்தான். மறுநாள் இர்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மதாமா, நேத்து ஒரு துண்டு சாக்லெட் சாப்பிட்டான்! அவனாக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்!" கல்யாணச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

ஏழைக்கு வந்த பாக்கியம் எத்தனை நாள் நிற்கும்? மே மாதம் பியெல்லாவிலிருந்து லியோனெல்லோ வந்தான். கம்பளி ஆலைக்காரரின் மகன். ஆள் ஆஜானுபாகு, கதவுக்குள் குனிந்துதான் நுழைவான். காரைப் பார்த்தான், பார்த்த இடத்திலேயே மயங்கிவிட்டான். ஜெர்வாசோவுக்கு அந்த மாதம் கழுத்துவரை கடன். காரை விற்றுவிட்டார்.

லியோனெல்லோவை வெறுத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. என் கடைக்கு வந்தான், அஞோலோத்தி இரண்டு தட்டு சாப்பிட்டான், சமையலறைக்குள்ளேயே வந்து என் மாவுக் கையில் முத்தம் வைத்தான். ஒன்பது வருஷமாக ஒருவன் தள்ளிவைத்த தட்டை இன்னொருவன் துடைத்து வைக்கிறான். அவனை எப்படித் திட்டுவேன்? அதற்கும் சேர்த்து ஜெர்வாசோவைத் திட்டினேன்.

"உங்களுக்கே வெக்கமா இல்லையா?"

"பட்டறை இருந்தாத்தானே மதாமா அடுத்த கார்? அடுத்த கார் சத்தியமா அவனுக்குத்தான்."

"ஒன்பது வருஷமா அதே அடுத்த கார்! உங்க சத்தியத்தையும் ஒரு டப்பாவுல போட்டு நிறுத்துப் பாருங்க, முள்ளு அசையுதான்னு!"

லியோனெல்லோ காரில் உட்கார்ந்தபோது தலை கூரையில் முட்டியது, முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. தெபால்தோ பட்டறையே அதிரும்படி வைதுகொண்டு கூரையில் அவன் தலைக்கு ஒரு மேடு தட்டினான். எவாசியோ தான் அடித்த ரிவெட்டுகளைத் தானே துளைத்து எடுத்து, இருக்கையைப் பின்சுவரோடு ஒட்ட நகர்த்தினான். தெபால்தோ டப்பாவிலிருந்து பழைய தண்டவாளத்தை எடுத்து நீட்டினான்.

"இதைத் திரும்பப் போட்டுடலாமேடா. எப்பவாச்சும் நீ உக்காரணும்னா முன்னால தள்ளிக்கலாம்."

"வேணாம். அந்த மனுஷனே ரெண்டு மூட்டை கனம். அதுக்கு மேல இரும்பு வேறயா? கார் பாவம் இல்லையா?"

மறுபடியும் ரிவெட் அடித்தான். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் போட்டிருப்பான் என்று பிற்பாடு நூறு தடவை நினைத்திருக்கிறேன். இவர்கள் போடமாட்டார்கள். தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட காருக்குக்கூட ஒரு கிராம் கூடிவிடக்கூடாது என்று துடிக்கிற பைத்தியங்கள்.

பந்தயத்துக்குத் தெருவே பஸ் பிடித்துப் போனது. நான் சாப்பாட்டுக் கூடைகளோடு போனேன். சனிக்கிழமை ஒத்திகையில் லியோனெல்லோ மோசமில்லாமல் ஓட்டினான். ஞாயிறு காலை, விடுதிப் படியில் கால் பிசகி விழுந்தான். கணுக்கால் ரொட்டி மாவு போல உப்பிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனே சொன்னான்: "எவாசியோ ஓட்டட்டும். இது அவருக்காகச் செஞ்ச கார்தானே? எனக்குத் தெரியும்."

பந்தயம் நடத்துகிறவர்கள் லைசென்ஸ் கேட்டார்கள். எவாசியோ சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெயரை எழுதிக்கொண்டார்கள். இர்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நான் பைத்தியக்காரி, மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். காலை நீட்டினான். பெடல் எட்டவில்லை.

லியோனெல்லோவுக்காகப் பின்னால் தள்ளி ரிவெட் அடித்த இருக்கை அல்லவா? இருக்கை விளிம்புக்கு நகர்ந்தால் கால் எட்டியது. ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை உட்காரும் அளவு வெற்றிடம். தெபால்தோ தலையில் அடித்துக்கொண்டான். உளி வைத்து ரிவெட்டை வெட்டிவிடலாம். திரும்ப எதை வைத்து அடிப்பது? துளை போடும் மெஷினும் ரிவெட்டும் தூரினில். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் இருந்த ஒரே கொல்லன் பூசைக்குப் போயிருந்தான். கார்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பிக்கொண்டிருந்தன.

இர்மா தன் கோட்டைக் கழற்றினாள். நான் கூடைமேல் போட்டிருந்த மேஜை விரிப்புகளையும் என் சால்வையையும் கொடுத்தேன். பஸ்காரன் ஒரு சீட் மெத்தையைப் பிய்த்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் மூட்டையாக உருட்டி, முதுகுக்குப் பின்னால் திணித்து, தெபால்தோ கயிற்றால் இருக்கையோடு கட்டினான்.

"வேணாம்டா எவாசியோ. அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தார் ஜெர்வாசோ.

"முதலாளி, அந்த வார்த்தையை இன்னிக்கு ஒருநாள் மட்டும் சொல்லாதீங்க."

இர்மா ஜன்னல் பக்கம் குனிந்தாள். "எட்டுதா?"

"எட்டுது."

பொய் சொல்கிறான் என்று அவளுக்கும் தெரியும். முகத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

கொடி இறங்கியது. கார் கத்திக்கொண்டு மேலே பாய்ந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மரங்களுக்குள் மறைந்த பிறகும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தெபால்தோ கூட்டத்தைப் பார்த்து, "அவன் காலு பேசுது, கேளுங்கடா!" என்று கத்தினான், அவன் காதுக்கே கேட்டிருக்கிறது பாருங்கள். பாதி மலையில் எடுத்த நேரத்தை ஒலிபெருக்கி சொன்னது: ப்ருனாசோ, எழுநூற்றைம்பது சி.சி. வகுப்பில் இதுவரை எல்லோரையும்விட வேகம். நான் ஜெர்வாசோவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். லியோனெல்லோ ஒற்றைக் காலில் குதித்தான். இர்மா மட்டும் மலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள்.

என்ன நடந்தது என்று அவன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான், ஆஸ்பத்திரியில். "செங்குத்தா ஒரு வளைவு மதாமா. பிரேக்கை ஓங்கி மிதிச்சேன். கயிறு அவுந்து மூட்டை கீழ சரிஞ்சிடுச்சு. மிதிக்க மிதிக்க நான் பின்னால போறேன், பெடல் கீழ போகல. எதிர்ல கல்சுவர்." கூரையைப் பார்த்துச் சொன்னான்: "அந்தத் தண்டவாளம் இன்னும் என் டப்பாவுலதான் கிடக்கு. போட்டிருந்தா ஒரு தள்ளு தள்ளி உக்காந்திருப்பேன்."

அலுமினியக் கார் காகிதம் கசங்குவதுபோலக் கசங்கியிருந்தது. அவன் உயிர் தப்பினான். வலது முழங்கால் தப்பவில்லை. மடங்காத காலுக்கு எந்த டாக்டரும் பந்தய லைசென்ஸ் கையெழுத்துப் போடமாட்டார். லியோனெல்லோ பழங்களோடு வந்து பார்த்தான், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வேறு எங்கோ வேறு காரை வாங்கினான். அடுத்த குளிர்காலத்தில் ஜெர்வாசோ பட்டறையைப் பூட்டினார். தெபால்தோ குளிர்ப்பெட்டி செய்யும் ஆலைக்குப் போனான். எவாசியோவுக்கு ஒரு பெரிய ஆலையின் சைக்கிள் கொட்டகையைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இதன் பிறகுதான் அவன் சாப்பிட ஆரம்பித்தான்.

முதலில் எங்களுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஒரு தட்டு முழுக்கக் காலி செய்த அன்றைக்கு நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இர்மா, "தேறிட்டான் மதாமா" என்றாள். பிறகு இரண்டு தட்டு. பிறகு மூன்று. ரொட்டிக்கூடை காலியாகும்வரை கை நிற்காது. சாக்லெட் துண்டுகளைக் காகிதத்தோடு வாங்கி, ஜன்னலைப் பார்த்தபடி ஒவ்வொன்றாய் வாயில் போட்டு முடித்துவிடுவான். கன்னம் உப்பியது, கழுத்து மறைந்தது. புதிதாகத் தெருவுக்கு வந்தவர்களுக்கு அவனை ஏன் அரைக்கிலோ என்று கூப்பிடுகிறார்கள் என்றே புரியவில்லை. இர்மா ஒருநாள் சமையலறைக்கு வந்து, "அவனுக்குக் கொஞ்சம் குறைச்சு வைங்க மதாமா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஒன்பது வருஷம் சாப்பிடு சாப்பிடு என்று தொண்டை கிழியக் கத்தினவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அஞோலோத்திக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். உள்ளே அடைத்த இறைச்சியிலும் இல்லை, வேகவைத்த தண்ணீரிலும் இல்லை. என் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாய் வைத்ததும் கடையே கூச்சல் போட்டது. "மதாமா, யாரையாவது காதலிக்கறீங்களா?" என்று கேலி பேசினார்கள். தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தன. நான் வெட்கத்தோடு ஒவ்வொரு மேஜையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜன்னலோர மேஜையில் எவாசியோவின் தட்டு காலியாக இருந்தது. ரொட்டித் துண்டால் ஓரத்தைக்கூடத் துடைத்திருந்தான்.

"எவாசியோ, உப்பே இல்லையேடா. சொல்லக்கூடாதா?"

"அப்படியா?" என்றான். "தெரியலையே மதாமா." தட்டை என் பக்கம் நகர்த்தினான். "இன்னொரு தட்டு வைங்க."

சமையலறைக்குப் போனேன். திரும்பிவந்த தட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன்.